சிறை கண்ட இருவரும் தமிழ் வேதாகமமும்

தமிழில் அச்சேறிய வேதாகமத்தின் வரலாற்றைக் கூறும் நூல்கள் பெரும்பாலும் ஆண்டுகளையும் பெயர்களையும் நிரல்படுத்தியதோடு நின்றுவிடுகின்றன. சீகன்பால்கு, சூல்ட்சே, பெப்ரீசியஸ், இரேனியஸ், பேர்சிவல், பவர் என்னும் அந்நிரலை, தமிழ் உரைநடை வளர்ச்சி பயிலும் மாணவர் பலரும் மனப்பாடம் செய்திருப்பர். அவர்களுள் இருவர் சிறையிருந்தவர்கள் என்னும் செய்தி பாடநூல்களில் இடம்பெறுவது அரிது. ஒருவர், மொழிபெயர்ப்பைத் தொடங்கிய ஒரு மாத அளவில் சிறை புகுந்தார். மற்றவர், தம் பணியின் பெரும்பகுதியை முடித்து முதுமை எய்திய காலத்தில் சிறை புகுந்தார். இரண்டு சிறைவாசங்களுக்கும் கடனே காரணமாய் அமைந்தது. ஆயினும் இரண்டும் ஒன்றல்ல. மறைநூல் ஒன்றின் நம்பகம், அதனைக் கையாண்ட மனிதரின் ஒழுக்கத்தை எவ்வளவு சார்ந்திருக்கிறது என்பது கிறித்தவ உலகில் மிகப் பழைய வினா. அவ்வினாவை இவ்விருவரின் வாழ்க்கையை முன்வைத்து இவ்வுரையில் ஆராய முற்படுகிறோம்.

டென்மார்க்கு மன்னர் நான்காம் பிரெடரிக்கின் ஆதரவில், பர்த்தலோமேயு சீகன்பால்கு தம் தோழர் புளூட்சோவுடன் 1706ஆம் ஆண்டு சூலை 9ஆம் நாள் தரங்கம்பாடியில் வந்திறங்கினார். அப்போது அவருக்கு வயது ஏறத்தாழ இருபத்து நான்கு. பள்ளிச் சிறுவரோடு அமர்ந்து தமிழ் எழுத்துகளைக் கற்றார். இரண்டே ஆண்டுகளில் நூற்றுக்கு மேற்பட்ட தமிழ் ஏட்டுச்சுவடிகளைத் திரட்டி, அவற்றுக்கு விளக்கப் பட்டியலும் எழுதினார். 1708ஆம் ஆண்டு அக்டோபர் 17ஆம் நாள் புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கத் தொடங்கினார். மறுமாதமே தரங்கம்பாடிக் கோட்டையின் தலைவர் ஹாசியஸ் அவரைச் சிறையிலடைத்தார். காரணம் மிகச் சிறியது. இறந்துபோன நாவிதர் ஒருவரின் மனைவிக்கும், கம்பெனியில் மொழிபெயர்ப்பாளராய் இருந்த கத்தோலிக்கர் ஒருவருக்கும் இடையே கடன் வழக்கு ஒன்று இருந்தது. அவ்விதவைக்காகச் சீகன்பால்கு பரிந்து பேசினார். அதிகாரம் தமக்கே உரியது என்றிருந்த ஹாசியசுக்கு அது பொறுக்கவில்லை. நான்கு மாதங்களுக்கு மேல் சிறையிருந்த சீகன்பால்கு 1709ஆம் ஆண்டு மார்ச்சு மாத இறுதியில் விடுதலையானார். விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து, 1711ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் புதிய ஏற்பாட்டை முடித்தார்.

திருச்சபை வரலாற்றாசிரியர்கள் பெருமையோடு எழுதிய சிறைவாசம் இது. ஏழை ஒருத்தியின் பொருட்டு அதிகாரத்தை எதிர்த்தவர் என்பதனால், அவர் தந்த நூலுக்கும் அப்பெருமையின் ஒளி சற்றே படிந்தது. ஆனால் நூலின் தரத்தை அவ்வொளி உயர்த்தவில்லை. ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்க்கப்பட்டு 1713இல் வந்து சேர்ந்த அச்செழுத்துகள் மிகப் பெரியனவாய் இருந்தன, காகிதத்திற்கும் தட்டுப்பாடு. எனவே தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்துகளை வார்த்துக்கொண்டனர். நற்செய்தி நூல்களும் அப்போஸ்தலர் நடபடிகளும் 1714இலும், எஞ்சியவை 1715இலும் வெளிவந்தன. இத்துணைப் பாடுபட்டு வெளிவந்த நூலின் தமிழை வீரமாமுனிவர் தம் ‘வேத விளக்கம்’ நூலில் கடுமையாகச் சாடினார். சமயப் போட்டியும் அச்சாடலில் கலந்திருந்தது என்பது மெய்யே. எனினும் தமிழ் நடை பற்றி அவர் கூறிய குறையில் உண்மை இல்லாமலில்லை. நல்லவர் எழுதிய நூல் என்பதாலேயே அது நல்ல தமிழாகிவிடாது. சீகன்பால்கு பழைய ஏற்பாட்டில் ரூத் ஆகமம் வரை வந்து, 1719இல் தம் முப்பத்தாறாம் வயதில் மறைந்தார். எஞ்சியதைச் சூல்ட்சே முடித்தார். 1728க்குள் முழு வேதாகமமும் அச்சில் வந்துவிட்டது.

இனி இரண்டாமவரைக் காண்போம். யோகான் பிலிப் பெப்ரீசியஸ் 1740இல் தரங்கம்பாடிக்கு வந்து, 1742இல் சென்னைக்குச் சென்றார். இறுதி வரையில் அங்கேயே இருந்தார். திருமணம் செய்துகொள்ளாதவர், எளிய உணவும் உடையும் கொண்டு வாழ்ந்தவர். ஆங்கிலேயர்க்கும் பிரெஞ்சுக்காரர்க்கும் நடந்த போர்களில் இருமுறை சென்னையை விட்டுப் பழவேற்காட்டில் புகலிடம் தேட நேர்ந்தது. இவ்வலைச்சல்களுக்கு நடுவிலும் அவர் வேதாகமத் திருத்தத்தை விடவில்லை. எபிரேய, கிரேக்க மூலங்களை முன்வைத்து, தமிழறிந்தாரை உடன் அமர்த்தி, எழுதியதை வாய்விட்டு வாசிக்கச் செய்து, கேட்போர்க்கு விளங்குகிறதா என்று சோதித்துத் திருத்தினார். கண்ணால் படிப்பதற்கு முன் காதால் கேட்கப்பட்ட தமிழ் அது. எழுத்தறிவு குறைந்திருந்த சபைகளில் நூல் வாசிக்கப்பட்டே பரவும் என்பதனை அவர் நன்கு உணர்ந்திருந்தார் போலும். ஏறத்தாழ முப்பது ஆண்டு உழைப்பின் பயனாக அவருடைய புதிய ஏற்பாடு 1772இல் வெளிவந்தது. அதனை அச்சிட்ட வேப்பேரி அச்சுக்கூடத்திற்கும் ஒரு கதை உண்டு. 1761இல் புதுச்சேரியைக் கைப்பற்றிய ஆங்கிலேயர் அங்கிருந்து எடுத்து வந்த பொறி அது. கம்பெனியின் வேலைக்கே முதலிடம் என்னும் நிபந்தனையோடு பெப்ரீசியசிடம் ஒப்படைக்கப்பட்டது. ஏறத்தாழ 9,000 சொற்கள் கொண்ட அவருடைய தமிழ்-ஆங்கில அகராதியும் 1779இல் வேப்பேரியிலேயே வெளிவந்தது.

இத்தகைய மனிதர் அதே ஆண்டுகளை ஒட்டிக் கடன்காரர் சிறையில் அடைக்கப்பட்டார். அவருடைய நேர்மையை நம்பிப் பலர் தம் பணத்தை அவரிடம் ஒப்படைத்திருந்தனர். மிஷன் பணமும் அவர் கையில் இருந்தது. அக்காலச் சென்னையில் வட்டி வீதம் உயர்வு. செல்வாக்குடைய குடும்பத்தார்க்குக் கடன் கொடுப்பது வழக்கமான தொழில். பெப்ரீசியசும் தம்மிடம் இருந்த பணத்தை அவ்வாறே வட்டிக்குக் கொடுத்தார். கடன் பெற்றவர்கள் திருப்பித் தரவில்லை. பணத்தை ஒப்படைத்தவர்கள் வந்து கேட்டபோது அவரிடம் ஒன்றுமில்லை. முன்னவர் ஒரு விதவையின் கடனுக்காகப் பேசிச் சிறை சென்றார். இவர் பிறர் பணத்தை இழந்து சிறை சென்றார். 

இவர் தமக்கென எதனையும் எடுத்துக்கொண்டதாக வரலாறு கூறவில்லை. ஆனால் அது இழந்தவர்க்கு ஆறுதலாகுமா? உலகியல் அறியாத சான்றோர் என்று எழுதி இச்செய்தியை மென்மையாக்கிக் கடந்து செல்வோர் உண்டு. நாம் அதனை ஏற்பதற்கில்லை. ஒப்படைத்த பொருளைக் காப்பதும் ஆன்மிக ஒழுக்கத்தின் ஒரு பகுதியே. செபத்தில் ஆழ்ந்தவர் கணக்கில் தவறலாம் என்று விலக்களித்தால், நம்பகம் என்னும் சொல்லுக்கே பொருளில்லாமற்போகும்.

எனினும் அவருடைய வேதாகமத்தை எவரும் விலக்கவில்லை. இங்கேதான் நம் வினா கூர்மையடைகிறது. பழைய ஏற்பாடு முழுவதும் அச்சேறி முடிவதற்குள் 1791இல் அவர் மறைந்தார். சபைகள் அதனை அச்சிட்டு முடித்து, போற்றி வாசித்தன. தமிழ் லூத்தரன் சபைகள் இருபதாம் நூற்றாண்டிலும் அதனை விடாது வைத்திருந்தன. பணத்தில் நம்பத் தகாதவர் என்று கண்ட ஒருவரை வேதத்தில் நம்பினார்கள். இது முரண்பாடா?

இதற்குக் கிறித்தவ மரபில் மிகப் பழைய விடை ஒன்று உண்டு. 303ஆம் ஆண்டில் உரோமைப் பேரரசர் தியோக்கிளேசியன் கிறித்தவரின் மறைநூல்களைக் கைப்பற்றி எரிக்க ஆணையிட்டார். வட ஆப்பிரிக்காவில் சில ஆயர்கள் உயிருக்கு அஞ்சி நூல்களை ஒப்படைத்துவிட்டனர். துன்புறுத்தல் ஓய்ந்த பின்னர், அவ்வாறு காட்டிக்கொடுத்தவர்கள் நிறைவேற்றிய சடங்குகள் செல்லுமா என்னும் பிணக்கு எழுந்தது. செல்லா என்றனர் தொனாத்துஸ் என்பாரின் வழியினர். நூறாண்டு நீடித்த அப்பிணக்கில், அகுஸ்தீன் அவர்களுக்கு எதிராய் வாதிட்டார். அருள் இறைவனுடையது, கொடுக்கும் கை அழுக்கானதால் கொடை அழுக்காகாது என்பது அவர் வாதத்தின் சாரம். 411இல் கார்த்தேசில் நடந்த பேரவையில் அவர் பக்கமே வென்றது. தூதுரைப்போரை மண்பாண்டத்திற்கு ஒப்பிட்ட பவுலின் உவமையும் இக்கருத்துக்கு அரண் செய்தது. வேதாகமமே தன் மாந்தரின் குறைகளை மறைக்காத நூல் என்பதும் நினைக்கத்தக்கது. தாவீதின் பாவமும் பேதுருவின் மறுதலிப்பும் எதிரிகள் எழுதி வைத்த செய்திகள் அல்ல.

ஆயினும் அகுஸ்தீனின் விடை மொழிபெயர்ப்புக்கு முழுமையாகப் பொருந்தாது என்றே நாம் கருதுகிறோம். சடங்கின் சொற்கள் வரையறுக்கப்பட்டவை. செய்பவர் எவராயினும் அவை மாறா. மொழிபெயர்ப்பிலோ ஒவ்வொரு சொல்லும் மொழிபெயர்ப்பவரின் தெரிவு. அங்கே அவருடைய அறியாமையும் சோம்பலும் பிடிவாதமும் நூலுக்குள்ளேயே நுழைந்துவிடக்கூடும். எனவே மொழிபெயர்ப்பாளரிடம் நாம் வேண்டுவது குறையற்ற வாழ்க்கையைக் காட்டிலும் வேறொரு பண்பு. அது, தாம் எழுதியதைப் பிறர் திருத்த இடங்கொடுக்கும் பண்பு. பெப்ரீசியஸ் பணக் கணக்கைத் தம்மோடே வைத்துக்கொண்டார். மொழிபெயர்ப்பையோ நாள்தோறும் பிறர் காதுக்கு முன் வைத்தார். முன்னது கெட்டது, பின்னது நிலைத்தது என்பதற்கு இவ்வேறுபாடும் ஒரு காரணம் எனலாம்.

இப்பண்பு வாசகரிடமும் வேண்டும் என்பதை அடுத்த தலைமுறையின் பூசல் காட்டுகிறது. 1820 முதல் பாளையங்கோட்டையில் பணியாற்றிய இரேனியஸ், பெப்ரீசியசின் நடை தமிழ் மரபுக்கு முற்றும் இயையவில்லை என்று கருதிப் புதிய திருத்தத்தில் இறங்கினார். வேதாகமத்தை மொழிபெயர்க்கும் நெறிமுறைகள் குறித்து, தமிழைச் சிறப்பாக எடுத்துக்கொண்டு, 1827இல் தனி நூலே எழுதினார். மூலத்தின் சொல் வரிசையைப் பற்றிக்கொண்டு தமிழைக் குலைப்பதைவிட, தமிழின் இயல்பான தொடரமைப்பில் பொருளைத் தருவதே மூலத்துக்கு உண்மையாய் இருப்பது என்பது அவர் கொள்கை. அளவுக்கு மிஞ்சி விரித்துரைக்கிறார் என்று பிற மிஷனரிகளே அவரைக் குறை கூறியதும் உண்டு.

மிகக் கடுமையான எதிர்ப்பு தஞ்சாவூரிலிருந்து வந்தது. எழுப்பியவர் ஐரோப்பியர் அல்லர். சுவார்ட்சு ஐயரின் மாணாக்கரும், சரபோசி மன்னரால் மதிக்கப்பெற்றவரும், ‘பெத்லகேம் குறவஞ்சி’ பாடியவருமான வேதநாயக சாஸ்திரியார். தலைமுறையாக மனப்பாடம் செய்து செபித்து வந்த சொற்களை நேற்று வந்தவர்கள் மாற்றுவதா என்று அவர் கொதித்தார். அக்கொதிப்பில் நியாயம் இருந்தது. ஏழை உழவர் ஒருவர் தம் தாயின் சாவுப்படுக்கையில் கேட்ட வசனம், புதிய பதிப்பில் வேறு சொற்களில் நின்றால் அவர் எதனை நம்புவார்? மூலமொழி அறியாதவர்க்குச் சொல்லே நூல்; சொல் மாறினால் நூல் மாறிற்று என்றே தோன்றும்.

ஆனால் சாஸ்திரியாரின் முறையீடுகளில் வேதத் திருத்தம் மட்டும் இல்லை. தேவாலயத்திலும் திருவிருந்திலும் சாதி வேறுபாட்டைக் கைவிடும்படி புதிய மிஷனரிகள் வற்புறுத்தியதும் அவருடைய மனக்குறைகளுள் ஒன்று. பழைய சொல்லைக் காக்க எழுந்த அதே குரல் பழைய இருக்கை முறையையும் காக்க எழுந்தது. அவர் பாடல்களை விரும்பிப் படிப்பவர்கள் இதனைச் சொல்லத் தயங்குவர். நாம் அவர் பாடல்களை விரும்புகிறோம், ஆயினும் சொல்லாமல் விடுவது முறையன்று. வேதத்தின் ஓர் எழுத்தும் மாறலாகாது என்று போராடியவர், அவ்வேதம் தம்மை மாற்ற வந்த இடத்தில் விலகி நின்றார். அவர் ஒருவர் மட்டுமா அவ்வாறு நின்றார் என்பது வேறு செய்தி.

இத்தகைய கொதிப்பு தஞ்சைக்கு மட்டும் உரியதன்று. ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இன்றைய லிபியாவின் திரிப்பொலி நகராகிய ஓயாவில், ஆயர் ஒருவர் ஜெரோமின் புதிய இலத்தீன் மொழிபெயர்ப்பிலிருந்து யோனாவின் நூலை வாசித்தார். யோனாவுக்கு நிழல் தந்த செடியைச் சுரைக்கொடி என்றே சபை காலங்காலமாகக் கேட்டு வந்தது. ஜெரோம் வேறு கொடியின் பெயரை இட்டிருந்தார். சபையில் பெருங்குழப்பம் மூண்டது. ஆயர் தம் மக்களை இழந்துவிடும் நிலை வந்தது என்று அகுஸ்தீன் ஜெரோமுக்குக் கடிதம் எழுதினார். தமிழ் வேதாகமத்தில் அச்செடி ஆமணக்கு. எபிரேயச் சொல்லுக்கு அதுவே பொருத்தம் என்று அறிஞர் பலர் கருதுவர். ஜெரோமின் கொடியைக் காட்டிலும் நம் ஆமணக்கு மூலத்துக்கு நெருங்கியது என்பதில் தமிழாசிரியர்க்குச் சிறு மகிழ்ச்சி உண்டாகலாம்.

யாழ்ப்பாணத்தில் நடந்த முயற்சி வேறு வகையில் சிந்தனைக்குரியது. வெஸ்லியன் மிஷனைச் சேர்ந்த பேர்சிவல் பாதிரியார் தலைமையில் உருவான திருத்தம் 1850இல் வெளிவந்தது. அதில் பல்லாண்டு உடனிருந்து உழைத்த தமிழறிஞர் ஆறுமுக நாவலர். அவர் சைவர், கடைசி வரையில் சைவராகவே இருந்தவர். 1848இல் மிஷன் பள்ளிப் பணியை விட்டு விலகி, 1854இல் ‘சைவ தூஷண பரிகாரம்’ என்னும் நூலை வெளியிட்டார். மிஷனரிகள் சைவச் சடங்குகளைப் பழித்தபோது, அவற்றுக்கு ஒப்பான சடங்குகள் விவிலியத்திலேயே உள்ளன என்று இடம் சுட்டி மறுத்த நூல் அது. மொழிபெயர்ப்பில் பழகிய பக்கங்கள் அவருக்கு வாதத்தில் கைகொடுத்தன. விவிலியத்தை அவர் இறைவாக்கென ஏற்றவரல்லர். ஆயினும் அதனைத் தமிழாக்கும் பணியில் இருந்தபோது, ஏற்காத நூலைத் திரித்தெழுதினார் என்று அவர் எதிரிகளும் குற்றஞ்சாட்டியதாகத் தெரியவில்லை. நம்பிக்கையாளரிடத்தில்தான் நம்பகம் இருக்கும் என்று எண்ணுவோர்க்கு நாவலர் ஒரு மறுப்பு. அவருடைய உழைப்பு சேர்ந்த அப்பதிப்பைச் சென்னைச் சபைகள் ஏற்கவில்லை என்பதும், அது பொதுப் பதிப்பாக நிலைக்கவில்லை என்பதும் வருத்தத்திற்குரியன.

இவ்வளவு பூசல்களுக்கும் பின்னரே பல சபைகளின் பிரதிநிதிகள் ஒன்றுகூடித் திருத்தக் குழு அமைத்தனர். பவர் ஐயர் அதன் முதன்மைத் திருத்துநர். குழு, பெப்ரீசியசின் நூலையே அடிப்படையாகக் கொண்டு, இரேனியஸ் முதலியோரின் திருத்தங்களையும் வேண்டியவிடத்து எடுத்துக்கொண்டது. தமிழகத்தாரும் யாழ்ப்பாணத்தாரும் ஒத்துக்கொண்ட பதிப்பு 1871இல் வெளிவந்தது. மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் வந்த தமிழ்ச் சீர்திருத்தச் சபையார் பெரிதும் வாசித்ததும், இன்றளவும் பலர் கையில் இருப்பதும் அதுவே. கடன் சிறையிலிருந்து மீண்டவரின் தொடர்கள் இன்றும் இவ்வூர்த் தேவாலயங்களில் ஒலிக்கின்றன என்பதை வாசிப்போர் பெரும்பாலும் அறியார். முகப்புப் பக்கங்களில் அவர் பெயரும் இல்லை. உடனிருந்து வாசித்த தமிழரின் பெயர்களும் இல்லை.

அப்பதிப்பும் இறுதியானதன்று. யோவானின் முதல் நிருபம் ஐந்தாம் அதிகாரத்தில், பரலோகத்தில் சாட்சியிடும் மூவரைப் பற்றிய ஒரு பகுதி அதில் உள்ளது. பழைய கிரேக்கக் கையெழுத்துப் படிகளில் அது காணப்படவில்லை. எராசுமஸ் தம் கிரேக்கப் பதிப்பில் 1516இலும் 1519இலும் அதனை விட்டுவிட்டு, எதிர்ப்புக்குப் பின் 1522இல் சேர்த்தார். லூத்தரும் தம் மொழிபெயர்ப்பில் அதனைச் சேர்க்கவில்லை. இன்றைய பதிப்புகள் பெரும்பாலும் அதனை நீக்குகின்றன, அல்லது அடிக்குறிப்பில் தருகின்றன. திரித்துவக் கோட்பாட்டுக்கு வெளிப்படையான சான்று போல் தோன்றும் பகுதியைத் தாமே நீக்குவது கிறித்தவ அறிஞர்க்கு எளிதாய் இருந்திராது. தமக்குச் சாதகமான பொய்ச்சான்றை வழக்காடுபவரே கைவிடும்போது, அவருடைய எஞ்சிய சான்றுகளின்மேல் நீதிபதிக்கு நம்பிக்கை மிகுமல்லவா?

கடவுளைக் குறிக்கும் சொல்லின் வரலாறும் இங்கு எண்ணத்தக்கது. சீகன்பால்கு கத்தோலிக்கர் வழக்கிலிருந்து சருவேசுரன் என்னும் சொல்லை எடுத்தார். பெப்ரீசியஸ் பராபரன் என்றார். இரேனியஸ் தேவன் என்று மாற்றினார். பல தேவர்களைக் குறிக்கும் சொல் ஒரே கடவுளுக்கு ஆகுமா என்று பழைய பதிப்பில் ஊறியவர்கள் வெறுத்தனர். 1871ஆம் ஆண்டுப் பதிப்பு தேவனையே வைத்துக்கொண்டது. கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையாரும் இணைந்து 1995இல் வெளியிட்ட திருவிவிலியத்தில் கடவுள் என்னும் தமிழ்ச்சொல் இடம்பெற்றது. முன்னோர் போற்றிய தேவன் என்னும் சொல்லை மாற்றலாமா என்று அப்போது கேட்டவர்களில் பலருக்கு, அச்சொல்லே ஒரு காலத்தில் தம் முன்னோரை வருத்திய புதுமை என்பது தெரிந்திருக்கவில்லை.